ஓவர்ரேட்டட், அண்டர்ரேட்டட்: ஒரு படத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்து விழுகிறது. ஒன்று ‘ஓவர்ரேட்டட்’, அதாவது தகுதிக்கு மேல் புகழப்பட்டது; இன்னொன்று ‘அண்டர்ரேட்டட்’, அதாவது தகுதிக்குக் கீழே மதிக்கப்பட்டது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் பேச்சிலும் இதே, ஊட்டியில் இரவுக் காட்சி விட்டு வெளியே வந்து சூடாக டீ குடிக்கும் கூட்டத்திலும் இதே. பிடித்த படம் என்றால் அண்டர்ரேட்டட், பிடிக்காத படம் என்றால் ஓவர்ரேட்டட் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சினிமாவைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க ஆரம்பித்திருக்கும் ஒருவருக்கு இதனால் குழப்பம்தான் மிச்சம். இரண்டு சொல்லுக்கும் உருப்படியான ஒரு பொருள் இருக்கிறது. அது பிடிபட்டால் படம் பார்ப்பதே இன்னும் சுவையாகிவிடும் என்பது என் எண்ணம்.

ஒரு படம் திரையில் என்ன செய்கிறது என்பது ஒரு விஷயம். அந்தப் படத்தைச் சுற்றி எவ்வளவு புகழ், விருது, வசூல், பேச்சு சேர்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். குன்னூர் தேயிலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ருசி பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொல்லும் தரம் ஒன்று, அந்த வாரம் அந்தத் தூள் ஏலத்தில் போகும் விலை இன்னொன்று. விலை ஏறியதால் கோப்பையில் ருசி கூடாது, இறங்கியதால் குறையவும் குறையாது. படத்துக்கும் அதன் மேல் ஏறியிருக்கும் பேச்சுக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி விழும்போதுதான் அதை ஓவர்ரேட்டட் என்றோ அண்டர்ரேட்டட் என்றோ சொல்ல முடியும். ஆகவே ஓவர்ரேட்டட் என்று சொல்லப்படும் ஒரு படம் நல்ல படமாகவே இருக்கலாம். அதன் தகுதிக்கு மேல் பத்துப் படி ஏற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படமும் பேச்சும் வேறு வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான சாட்சி எங்கள் நீலகிரி மலையிலேயே இருக்கிறது. 1982இல் பாலு மகேந்திரா ‘மூன்றாம் பிறை’ எடுத்தார். கேத்தி ரயில் நிலையத்தில் மழையில் நடக்கும் அந்தக் கடைசிக் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. படம் மாதக்கணக்கில் ஓடியது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன. அடுத்த ஆண்டே அதே இயக்குநர், அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே இளையராஜா, அதே கதை. இந்தியில் ‘சத்மா’ என்று வந்தது. ஓடவில்லை. பிற்பாடு பல ஆண்டுகள் கழித்துத்தான் வடக்கே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நடுங்க வைக்கும் ஊட்டிக் குளிர் இரண்டிலும் ஒன்றுதான், நடிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது வெளியே இருந்த கூட்டம் மட்டுமே.

சரி, இப்போது ஒரு முக்கியமான பிரிவினை. ஓடாத படம், கவனிக்கப்படாத படம், குறைவாக மதிக்கப்படும் படம், மூன்றும் ஒன்றல்ல. இந்த மூன்றையும் ஒரே கூடையில் போடுவதால்தான் பாதி வாதங்கள் வீணாகப் போகின்றன.

ஒரு நண்பரின் தம்பி என்னிடம், “அண்ணா, ‘அன்பே சிவம்’ மாதிரி ஒரு அண்டர்ரேட்டட் படம் தமிழ்லயே கிடையாது” என்றான். “இன்னைக்கு அதைக் குறைச்சுப் பேசுற ஒருத்தரைக் காட்டு தம்பி” என்றேன். யோசித்துப் பார்த்தான், யாரும் அகப்படவில்லை. 2003 பொங்கலுக்கு வந்தபோது அந்தப் படம் தோற்றது உண்மை. அப்புறம் டிவியில் போட்டுப் போட்டு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அதை மீட்டெடுத்தார்கள். இன்று எந்தப் பட்டியலிலும் முதல் வரிசையில் நிற்கிறது. 2003இல் அது குறைத்து மதிக்கப்பட்ட படம், இன்று அப்படி இல்லை. இந்தச் சொற்களோடு எப்போதும் ஒரு தேதியும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். எப்போது, யாரால் என்று கேட்காமல் அண்டர்ரேட்டட் என்று சொன்னால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, ‘ஏழாவது மனிதன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிஹரன் இயக்கம், ரகுவரனின் முதல் படம், ஓர் ஆலையின் மாசால் அவதிப்படும் ஊரின் கதை. எல். வைத்தியநாதன் இசையில் அதில் வரும் பாரதியார் பாட்டுகளை நம் ஆட்கள் மனப்பாடமாகப் பாடுவார்கள். படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பத்தில் ஒருவராவது தலையாட்டுவாரா என்பது சந்தேகம். இதுதான் கவனிக்கப்படாத படம். மதிப்பைக் குறைத்தார்கள் என்பதுகூட இல்லை, பார்க்கவே இல்லை. பார்க்காத படத்துக்கு மதிப்பு ஏது?

நடுவில் இன்னொரு வகை. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ அப்போது ஓடவில்லை. இன்று விமர்சகர்கள், திரைப்படக் கல்லூரி மாணவர்கள் மத்தியில் அதற்கு இருக்கும் மரியாதை மிகப் பெரியது. ஆனால் பொதுவாகப் படம் பார்க்கும் குடும்பங்களில் அந்தப் பேரே எட்டவில்லை. ஒரு வட்டத்தில் உச்சியில், அடுத்த வட்டத்தில் ஆளே இல்லை. எனவே ‘யாரால்’ என்ற கேள்வி ‘எப்போது’ என்ற கேள்விக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஒரு படம் ஏன் கவனிக்கப்படாமல் போகிறது? தரம் இல்லாததால் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் படத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. ‘குணா’வை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது, அதனால் அதிலேயே கொஞ்சம் நிற்கிறேன்.

1991 தீபாவளிக்கு சந்தானபாரதி இயக்கத்தில் ‘குணா’ வந்தது. அதே நாளில் மணிரத்னத்தின் ‘தளபதி’யும் வந்தது. ஒரு பக்கம் ரஜினியும் மம்மூட்டியும் தோளோடு தோள் நிற்கும் நட்புக் கதை, இன்னொரு பக்கம் மனம் பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணை அபிராமி என்று நம்பிக் குகைக்குக் கொண்டுபோகும் கதை. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே குடும்பத்தோடு போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ‘குணா’வுக்கு எதிர்பார்த்த வசூல் வரவில்லை. இளையராஜா பாட்டுகள் மட்டும் தனியாகப் பிழைத்து ஓடின.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். கொடைக்கானலில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பிசாசின் சமையலறை என்ற பெயர் கொண்டிருந்த அந்தப் பள்ளம், படத்துக்குப் பிறகு ‘குணா குகை’ ஆகிவிட்டது. தூண் பாறை பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் இறங்கி, சோலை மரங்களின் வேர்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஓடாத ஒரு படத்தின் பெயர் ஊர் வரைபடத்தில் ஏறிவிட்டது, படம் மட்டும் பின்னால் நின்றுவிட்டது. 2024இல் மலையாளத்தில் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ வந்தபோது நிலைமை தலைகீழானது. 2006இல் அந்தக் குகைப் பிளவில் விழுந்த ஒருவரை நண்பர்கள் மீட்ட உண்மைக் கதை அது. அதில் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு ஒலித்ததும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இருபது வயதுப் பிள்ளைகள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். வீட்டுக்குப் போய் ‘குணா’வைத் தேடிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு படத்துக்குப் புதிய பார்வையாளர்கள், அதுவும் பக்கத்து மாநிலத்துப் படம் ஒன்றின் தயவில்.

அப்படியானால் ‘குணா’ குறையில்லாத படமா? இல்லை. திருட்டு, போலீஸ், துரத்தல் என்று போகும் பகுதி எனக்கு இப்போதும் ஒட்டவில்லை. ஆனால் குணா சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசும் அந்தக் காட்சியும், எஸ். வரலட்சுமி அம்மாவாக இருக்கும் வீட்டின் இறுக்கமும், வேணுவின் கேமராவில் குகைக்குள் இறங்கும் வெளிச்சமும், ரோஷினியின் முகத்தில் பயம் மெல்லப் பாசமாக மாறுவதும் சாதாரண விஷயங்கள் இல்லை. குறைகளோடு கூடிய பெரிய படம் என்பது என் தீர்ப்பு. இன்று அதை முழுமையான காவியம் என்று சொல்பவர்களைப் பார்த்தால், ஊசல் மறுபக்கம் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது என்றும் தோன்றுகிறது.

பண்டிகை நாள் மோதல் ஒரு காரணம் என்றால், பழகிப்போன எதிர்பார்ப்பு இன்னொரு காரணம். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. கொலை செய்தது யார் என்று ஆளுக்கொரு கோணத்தில் விரியும் கதை. பத்துப் பாட்டு கேட்டுப் பழகியவர்கள் ஏமாந்துபோய் எழுந்து வந்தார்கள். இன்று பார்த்தால் அதன் இறுக்கம் அசர வைக்கும். படம் மாறவில்லை, நாம் அதற்குப் பழகிவிட்டோம்.

மூன்றாவது காரணம் படப்பெட்டி, அதாவது ஃபிலிம் சுருள்கள் வரும் பெட்டி. டிஜிட்டல் வருவதற்கு முன்னால் ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட் (ஃபிலிம் பிரதி) என்று கணக்கு இருந்தது. பெட்டி முதலில் ஏ சென்டரான பெரிய நகரங்களுக்குப் போகும், பிறகு பி சென்டரான சிறு நகரங்களுக்கு, கடைசியாக சி சென்டரான சிற்றூர்களுக்கு. மலையூர்களுக்கு வந்து சேர்வதற்குள் படம் தேறுமா தேறாதா என்று சமவெளியில் முடிவாகியிருக்கும். நகரத்தில் ஒரு வாரத்தில் தூக்கிய படத்தின் பெட்டி மலையேறவே ஏறாது. இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒன்று உண்டு. ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனம். ஃபிலிம் செய்யும் ஆலை இருந்த ஊர், ஆனால் படம் பார்க்கக் கடைசி வரிசை. மலைமக்களின் தீர்ப்பு எந்தக் காலத்திலும் ஒரு படத்தின் மதிப்பில் கணக்கில் வந்ததில்லை.

பெட்டி முறையில் தோற்ற படங்களை டிவி காப்பாற்றியது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் வந்தபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். இலவசமாகக் கிடைத்ததால் டிவி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் போட்டுத் தள்ளின. இப்போது அது அங்கே பண்டிகையின் ஒரு பகுதி.

இனி ஓவர்ரேட்டட் பக்கம். இங்கே பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் நாம் கைவைப்பது பலர் நேசிக்கும் படங்களில்.

என் பட்டியலில் முதலில் மணிரத்னத்தின் ‘ரோஜா’. 1992இல் வந்தது, ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம், இசைக்குத் தேசிய விருது. படத்தில் காஷ்மீராக வரும் இடங்களில் பல எங்கள் குன்னூரும் ஊட்டியும்தான், அதனால் இங்கே அதற்குத் தனிப் பாசம். ஆனால் இசையையும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவையும் ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையைப் பாருங்கள். முதல் பாதியில் சுந்தரபாண்டியபுரத்துப் பெண் எவ்வளவு உயிரோடு இருக்கிறாள்! இரண்டாம் பாதியில் காஷ்மீரத்து மனிதர்களை, வாய்திறக்காத ஓர் இளம்பெண்ணைத் தவிர, நாம் யாரையும் அறிந்துகொள்ளவே இல்லை. அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று படம் கேட்கவும் இல்லை. இசைக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண்ணைக் கதைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். இந்த மாதிரி ஒரு துறையின் வெற்றி இன்னொரு துறையின் குறையை மூடுவதுதான் மிகைப்புகழின் முதல் ஊற்று.

இரண்டாவது ஊற்று, ஒரே ஒரு காட்சி. மறுபடியும் ‘மூன்றாம் பிறை’க்கு வருகிறேன். அந்த ரயில் நிலையக் காட்சிக்கு எத்தனை புகழ் கொடுத்தாலும் தகும். ஆனால் அந்தக் காட்சியின் கனத்தில், தலைமையாசிரியர் மனைவியாக சில்க் ஸ்மிதா வரும் கிளைக்கதை முக்கியக் கதையோடு சேரவே இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை. அதே காட்சியிலேயே கவனிக்கப்படாமல் போன ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் கமலின் துடிப்பைச் சொல்வார்கள். பழைய நினைவு திரும்பி, அவரை யாரென்றே தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீதேவியின் முகத்தை இன்னொரு முறை பாருங்கள். யாரோ பைத்தியக்காரன் என்ற சிறு இரக்கத்தைத் தவிர அதில் வேறு ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைதான் அவர் துடிப்புக்குக் கனம் கொடுக்கிறது. ஒரே படத்துக்குள் மிகையும் குறையும் சேர்ந்தே இருக்கும் என்பதற்கு இதைத்தான் சொல்வேன்.

விருதும் ஓர் ஊற்று. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டியைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வாங்கியது. கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த அழகான ஆவணப்படம், எனக்கு மிகவும் பிடிக்கும். முக்கால் மணி நேரம்கூட இல்லாத, அடக்கமாகப் பேசும் படம் அது. ஆஸ்கர் வந்ததும் காட்டைப் பற்றிய கடைசி வார்த்தை என்பதுபோல அதைத் தூக்கினார்கள். காட்டுநாயக்கர் பழங்குடியினரின் வாழ்க்கை, காட்டோடு அவர்களுக்குள்ள உரிமை எல்லாம் அதன் ஓரத்தில்தான் வருகின்றன. இந்தச் சுமையைப் படம் கேட்கவில்லை, விருது ஏற்றிவைத்தது.

எண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்கு 90 மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள் என்பதே அதன் பொருள். ஒன்பது பேரும் சுமாராகப் பிடித்தது என்று சொல்லியிருந்தாலும் 90தான் வரும். ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி இணையதளத்தின் எண்ணோ வாக்களிப்பவர்களைப் பொறுத்தது. யாரும் பார்க்காத படத்துக்கு அதைத் தேடிப் பிடித்த காதலர்கள் மட்டும் வாக்களித்தால் எண் உயரத்தான் செய்யும்.

விமர்சகர்களின் பெரிய பட்டியல்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடம். 2012இல், வெளியானபோது கலவையான வரவேற்பே பெற்ற ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதைத் தள்ளியது. 2022இல் சாந்தால் ஆக்கர்மனின் ‘ஜான் டீல்மன்’ மேலே வந்தது. மூன்று படங்களும் அப்படியேதான் இருக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன செய்யலாம்? ஒரு படத்தைப் பற்றி மற்றவர் என்ன சொன்னார் என்று படிப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தோன்றியதை நாலு வரி எழுதிவையுங்கள். பாட்டு, நடிப்பு, கதை, கேமரா என்று தனித்தனியாக எழுதினால் எதன் புகழ் எதன்மேல் வழிந்திருக்கிறது என்று தெரியும். சொந்த ஊரில் எடுத்த படம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நமக்குத் தெரிந்த வளைவும் தெரிந்த மரமும் திரையில் வந்தாலே மனசு தாராளமாகிவிடும்.

அதைச் சொல்லிவிட்டு நான் பரிந்துரைப்பதும் எங்கள் மலை வந்துபோகும் படம்தான். மணிரத்னத்தின் ‘உயிரே’, 1998. இந்தியில் ‘தில் சே’. ‘தைய தையா’ பாட்டில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலின் கூரைமேல் ஆடுவார்களே, அந்தப் படம். பிரிட்டனில் முதல் பத்து இடத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம், நம் நாட்டிலோ தோல்வி. பாட்டு உலகம் சுற்றியது, மனீஷா கொய்ராலாவின் நடிப்பு கேட்பாரற்றுப் போனது. பேசாமலே, தனக்குள் பூட்டிய ஒரு பெண்ணை அவர் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ‘ரோஜா’வில் கேட்காமல் விட்ட கேள்வியை மணிரத்னம் இதில் கேட்டார் என்பது என் கட்சி. இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018. இது தேனிப் பக்கத்துக் கதை, ஆனால் மலையில் சுமை தூக்கிப் பிழைக்கும் எவருக்கும் சொந்தக் கதை. இளையராஜா இசை இருந்தும், விஜய் சேதுபதி தயாரித்தும், விமர்சகர்கள் மெச்சியும், பார்த்தவர்கள் கொஞ்சம். நிலம் வாங்கச் சேர்த்த கனவையெல்லாம் ஏலக்காய் மூட்டையாகத் தோளில் ஏற்றி ரங்கசாமி மலையிறங்கும் இடம் வரைக்கும் பொறுமையாகப் பாருங்கள். மெதுவாகப் போகிறது என்று சொல்வீர்கள். மலைப்பாதையில் மூட்டையோடு நடப்பவன் வேகமாகப் போக முடியாது என்பது என் பதில். பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து வாதாட நான் தயார்.